பத்து மாத்திரை, ஒரே சராசரி

கொல்லிமலைக்கு ஏறப் பாதை இருக்கிறது என்று முதன்முதலில் சொன்ன ஆசாமி வெள்ளாடாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று குழந்தைசாமி முடிவு கட்டியபோது காலை எட்டு மணி. பாறைக்குப் பாறை தாவ வேண்டிய தடம் அது. அவர் தாவவில்லை. ஒவ்வொரு பாறையோடும் சமாதானம் பேசி, அது சம்மதித்த பிறகே அடுத்ததில் கால் வைத்தார்.

பேர்தான் குழந்தைசாமி. வயது நாற்பத்தெட்டு, உடம்பு இரண்டு பேருக்குக் காணும். பதினான்கு வருஷம் சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். யுத்தம் வந்து, பெட்ரோல் போய், பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்ட ஆரம்பித்ததும், அந்தப் புகை தாங்காமல் வேலையை உதறிவிட்டு அம்சவேணியிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அம்சவேணி பத்துப் பாறைக்கு மேலே நின்று, இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான்கு வருஷத்துக்கு முன்னால், பரீட்சைக் கேள்வித்தாளைத் திருடிய ஆளை வெறும் மார்க் பட்டியலைப் பார்த்தே பிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து, போலீசுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க அம்மணி," என்று மூச்சு வாங்கினார் குழந்தைசாமி, "காய்ச்சல் மேலதானுங்களே இருக்குது? அதையே கொஞ்சம் கீழ வந்துட்டுப் போகச் சொல்லி ஒரு கார்டு போட்டிருக்கலாமில்லீங்க?"

"அது கார்டு போடாமயே வந்துக்கிட்டு இருக்குதுங்கண்ணா. அதனாலதான் நாம போறோம். கால எடுத்து வைங்க."

விஷயம் விளையாட்டல்ல. ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கொய்னா வந்துகொண்டிருந்ததே அங்கிருந்துதான். மலைக்காய்ச்சலுக்கு அதை விட்டால் வேறு மருந்து இல்லை. காளப்பநாயக்கன்பட்டியில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி எப்படியோ கொஞ்சம் கொய்னா மாத்திரை சேர்த்து, மாதாமாதம் டப்பா டப்பாவாக மலைக்கு அனுப்பி வந்தது. டப்பாக்கள் வாசலூர்பட்டிக்குப் போகும். அங்கே மருந்து கொடுக்கும் இருசாயி என்ற மலைக்காரப் பெண், சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் அவற்றைப் பிரித்துக் கொடுப்பாள். ஆனால் மாத்திரை தின்றும் காய்ச்சல் விடவில்லை. இரண்டு மாதத்தில் பதினோரு சாவு. அதில் ஏழு குழந்தைகள்.

இருசாயி நல்ல மாத்திரையை ஒளித்துவிட்டுப் போலியைக் கொடுக்கிறாள் என்று ஆஸ்பத்திரியின் ஸ்டோர் மானேஜர் அருணாசலம் எழுதிக் கொடுத்திருந்தார். வேலையை விட்டு நீக்கி, போலீசில் ஒப்படைக்கக் கமிட்டி தயாராகிவிட்டது. ஒரே ஒரு உறுப்பினர் மட்டும், "விசாரிக்காம ஒரு பொம்பளய ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று பேனாவை மூடிவிட்டார். அதனால்தான் இந்த மலையேற்றம்.

வாசலூர்பட்டியில் மருந்துக்கூடம் என்பது ஒரு தகரக் கூரை அறை, ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. வாசலில் பலா மரம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அருணாசலம் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான்கு ஆட்கள் டோலியில் சுமந்து வந்திருந்தார்கள். பளீரென்று வெயில் அடித்தும் கழுத்து வரை கம்பளிச் சால்வை.

"எனக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல்தானுங்க," என்றார். "நாளைக்குத்தான் முறை. இருந்தாலும் மலைக்காத்து பாருங்க."

ஊர்க்கவுண்டர் மாதன் கதவோரம் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், வார்த்தைகளையும் ஒல்லியாகவே வைத்திருந்தார். இருசாயி மேஜைக்குப் பின்னால் நின்றாள். முப்பது வயது இருக்கும். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாளே தவிர, முகத்தில் பயமோ பணிவோ எதுவும் தெரியவில்லை. அதுதான் குழந்தைசாமிக்குச் சங்கடமாக இருந்தது. திருடியவர்கள் பொதுவாக இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருப்பார்கள்.

அருணாசலம் மேஜையில் ஒரு டப்பாவை வைத்தார். மூடியைச் சுற்றிச் சிவப்பு அரக்கு. "இது அசல். சீல் ஒடைக்காதது. அவ டப்பாவுல இருக்கறதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்க, போதும்."

"இந்த டப்பா வேற யார் கையிலயாவது இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள் அம்சவேணி.

"வந்த நாள்லேருந்து என் சாவிக்குள்ளயே இருந்ததுங்க. பிரிச்சு எண்ணினது நான், திருப்பி அடைச்சு அரக்கு வெச்சதும் நான். வேற ஒருத்தர் நெழல்கூடப் படலீங்க."

"எழுதிக்குங்கண்ணா. மானேஜர் கையெழுத்தும் வாங்கிக்குங்க."

குழந்தைசாமி எழுதினார். அருணாசலம் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்.

அம்சவேணி சீலை உடைத்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள், மெஷினில் அச்சடித்த வட்டங்கள். இருசாயியின் டப்பாவில் இருந்தவையும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் ஓரம் கொஞ்சம் முரடு. மலைக்காற்றின் ஈரம் பட்டு உதிர்ந்ததாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

"அண்ணா, ரெண்டுலயும் ஒரு கிள்ளு வாயில போட்டுப் பாருங்க."

"எதுக்குங்க நானு?"

"உங்க நாக்குக்குத்தானுங்க அனுபவம் ஜாஸ்தி."

குழந்தைசாமி இரண்டையும் ருசி பார்த்தார். முகம் இரண்டு தடவை சுருங்கி இரண்டு தடவை விரிந்தது. "ரெண்டும் ஒரே கசப்புங்க. லீவு கேக்கறப்ப எங்க பஸ் மொதலாளி சிரிப்பாரே, அந்த மாதிரி."

கசப்பு என்ன, நிலவேம்பைக் காய்ச்சிச் சேர்த்தாலும் வரும். நாக்கு தோற்றது. அம்சவேணி பையிலிருந்து நகைத் தராசை எடுத்தாள். ஆசாரிமார் பொட்டுத் தங்கம் நிறுப்பது. சீல் டப்பாவிலிருந்து பத்து மாத்திரை, இருசாயி டப்பாவிலிருந்து பத்து. ஒவ்வொன்றாக நிறுத்தாள். கிட்டத்தட்ட அரைக் குன்றிமணி எடையான ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் குழந்தைசாமி குறித்துக்கொண்டார். அரை மணி நேரம் அறையில் தராசுத் தட்டின் சத்தம் மட்டும்தான்.

"கூட்டுங்கண்ணா."

"சீல் டப்பா பத்தும் சேர்த்து அம்பது கிரெய்ன். ஒண்ணுக்கு அஞ்சு. இந்தம்மா டப்பாவும்..." இரண்டு தடவை கூட்டினார். "அதுவும் அம்பதுங்க. ஒண்ணுக்கு அஞ்சு."

அருணாசலத்தின் முகம் தொங்கிப் போயிற்று. "கைகாரியா இருக்காளுங்க. எடையக்கூடச் சரியா வெச்சிருக்கா."

"சராசரி ஒண்ணுன்னா மாத்திரையும் ஒண்ணுதானுங்களே?" என்று குழந்தைசாமி நோட்டை மூடினார். "அப்ப எறங்கலாமுங்களா அம்மணி? எறங்கறப்ப பாறைங்க கொஞ்சம் ஒத்துழைக்கும்னு நெனக்கிறேன்."

"ஒக்காருங்கண்ணா. நீங்க கண்டக்டரா இருந்த ரூட்டுல எத்தன பஸ்ஸு?"

"ரெண்டுங்க. எங்களது ஒண்ணு. வயசான டிரைவர் ஒருத்தரு ஓட்டினது இன்னொண்ணு."

"ரெண்டும் பத்து மணிக்கு நாமக்கல் சேரோணும். உங்க பஸ்ஸு எப்பச் சேரும்?"

"ரெண்டு நிமிஷம் முன்ன, ரெண்டு நிமிஷம் பின்ன."

"அந்த டிரைவர் பஸ்ஸு?"

குழந்தைசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருங்களா! ஒருநாள் ஒம்பதரைக்கே போய் நிப்பாரு, ஜனங்கள வழியில விட்டுட்டு. மறுநாள் பத்தரைக்கு வருவாரு. கேட்டா, 'சராசரியாப் பாத்தா நான் பத்து மணிக்குத்தான்டா வாரேன்'பாரு."

"அவ்வளவுதானுங்க விஷயம். சராசரி ஒண்ணா இருக்கலாம். சிதறல் ஒண்ணா இருக்கோணுமே? சராசரியிலேருந்து ஒவ்வொரு மாத்திரையும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாருங்க. அதை அதாலயே பெருக்குங்க, எல்லாத்தையும் கூட்டுங்க. கூடினதும் குறைஞ்சதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்காம இருக்கத்தான் பெருக்கறது."

குழந்தைசாமி பென்சிலை நக்கிக்கொண்டு போட்டார். சீல் டப்பாவில் எந்த மாத்திரையும் ஐந்து கிரெய்னுக்கு மேலோ கீழோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் நகரவில்லை. பத்தில் ஒரு பங்கை ஒன்று என்று வைத்துப் பெருக்கிக் கூட்டியது வெறும் ஆறு. இருசாயி டப்பாவில் ஒன்று நாலே முக்காலுக்கும் கீழே, ஒன்று ஐந்தரையைத் தொடப் பார்த்தது. கூட்டியது அறுபது.

"ரெண்டையும் ஒம்பதால வகுக்கோணும்," என்றாள் அம்சவேணி.

"மாத்திரை பத்துங்களே?"

"சராசரிய அந்தப் பத்துலேருந்துதானே எடுத்தோம்? ஒம்பது மாத்திரை எங்க வேணா நிக்கலாம்; சராசரி அஞ்சுன்னு முடிவாயிட்டதால பத்தாவதுக்குச் சுதந்திரம் இல்லீங்க. அது நின்னே ஆகோணும்."

"எங்க ஊட்டுல நான் மாதிரி," என்று குழந்தைசாமி ஒன்பதால் வகுத்தார். "ரெண்டுக்கும் கீழ ஒம்பதுதான். பெரிசச் சின்னதால வகுத்தா பத்து வருதுங்க. அப்ப வேற வேறன்னு ஆயிடுச்சா? ஒண்ணுன்னா ஒண்ணுதானே வரோணும்?"

"அங்கதான் எல்லாரும் சறுக்கறது." அம்சவேணி சீல் டப்பாவிலிருந்தே இன்னும் பத்து எடுத்து நிறுத்தாள். "இப்ப இந்தப் பத்தையும் அதே டப்பாவோட முதல் பத்தையும் வகுத்துப் பாருங்க."

"ஒண்ணரை வருதுங்க. அட, ஒரே டப்பாதானுங்களே!"

"ஒரே டப்பாதான். கையில வந்தது வேற வேற பத்து. விகிதம் ஒண்ணச் சுத்திக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். தானா எவ்வளவு தூரம் ஆடும், எதுக்கு மேல ஆடினா ஏதோ இருக்குதுன்னு சந்தேகப்படோணும், அதத்தான் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க." பையிலிருந்து, கல்கத்தாவிலிருந்து தபாலில் வரவழைத்த மெல்லிய அட்டவணைப் புத்தகத்தை எடுத்தாள். "எஃப் அட்டவணை."

"எஃப்புன்னா ஃபீவருங்களா?"

"ஒரு இங்கிலீஷ்காரரு பேரோட மொதல் எழுத்துங்கண்ணா. மேல ஒம்பது, கீழ ஒம்பது. பாருங்க, ஒரே மாதிரிச் சிதறல் உள்ள ரெண்டு டப்பாவா இருந்தா, விகிதம் அஞ்சேகாலுக்கும் கொஞ்சம் மேல இருக்கற இந்த எண்ணத் தாண்டறது நூத்துல ஒரு தரம். பெரிசு எதுன்னு பாத்துட்டுத்தானே அத மேல வெச்சோம்? அதனால நூத்துல ரெண்டுன்னு வெச்சுக்குவோம். நமக்கு வந்தது பத்து."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"ரெண்டும் ஒரே எடத்துல செஞ்சதில்லீங்க," என்றாள் அம்சவேணி. "ஒண்ணு மெஷின் அடிச்சது. இன்னொண்ணு கை உருட்டினது."

அருணாசலம் சால்வையோடு எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! நான் வாயால சொன்னத அம்மா கணக்காலயே நிரூபிச்சுட்டீங்க!"

எல்லோரும் இருசாயியைப் பார்த்தார்கள்.

"உருட்டினது நான்தானுங்க," என்றாள் அவள். பிறகு தன் டப்பாவை மூடி வைத்தாள்.

மாதன் தலையைக் குனிந்துகொண்டார். அம்சவேணி, முகத்தில் ஒரு சின்னக் கர்வத்தோடு, கமிட்டிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். கணக்கு சரியாக வந்துவிட்டால் அவளுக்கு அப்படி ஒரு முகம் வரும். அந்த முகத்தோடு பேசிப் பயனில்லை என்று குழந்தைசாமிக்குத் தெரியும். அவர் மோர் தேடி வெளியே போனார்.

மாதன் வீட்டில் மோர் கிடைத்தது. இரண்டு சொம்பு. மூன்றாவது சொம்புக்கு வெட்கப்பட்டு, பேச்சுக் கொடுத்தார்.

"உங்க ஊருல இப்ப எத்தன பேரு படுக்கையிலங்க கவுண்டரே?"

"ஆருமில்லீங்க சாமி."

"ஆருமில்லீன்னா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. எங்க ஊருல எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. காட்டுக்குப் போறாங்க, வாராங்க. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருங்கதான் பாவம். அங்கெல்லாம் சீல் வெச்ச டப்பா போவுது. இங்க இருசாயி தர்றதத் திங்கறோம்."

குழந்தைசாமி மூன்றாவது சொம்பை மறந்துவிட்டு நடந்தார். கொஞ்சம் வேகமாகவே நடந்தார் என்பதைப் பலா மரத்தடியில் வந்து மூச்சு வாங்கியபோதுதான் உணர்ந்தார். அறைக்குள் அம்சவேணி இரண்டாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். 'மேற்படி இருசாயி கொடுத்து வந்தவை கையால் உருட்டப்பட்ட போலி மாத்திரைகள்' என்ற வரி வரை வந்திருந்தாள்.

அவர் குனிந்து, அருணாசலத்தின் காதில் விழாத குரலில் மோர் வீட்டுச் சேதியைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க. கணக்கு ரெண்டும் வேற வேறன்னுதானே சொல்லுச்சு? இதுல எது போலின்னும் சொல்லுச்சுங்களா? நான் பென்சில நக்கிட்டு இருந்தப்ப சொல்லியிருந்தா என் காதுல விழுந்திருக்காது, அதான் கேக்கறேன்."

அம்சவேணியின் பேனா நின்றது. அவள் முகத்திலிருந்த கர்வம் ஒரு நிமிஷம் எங்கே போவது என்று தெரியாமல் தவித்தது. பிறகு காதோரம் சிவந்தாள்.

"சொல்லலீங்கண்ணா," என்றாள் மெதுவாக. "நானாச் சேத்துக்கிட்டேன்."

எழுதிய தாளை நான்காக மடித்தாள். ஏதோ யோசித்தபடி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே அருணாசலத்துக்கு முறை தவறிக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. மலைக்காற்று ஒருநாள் முந்திவிட்டது. பல் அடித்துக்கொண்டது, பெஞ்சே சேர்ந்து நடுங்கியது.

"அடடா, மானேஜருக்குக் குளிர் வந்திருச்சே," என்றாள் அம்சவேணி. இரண்டு டப்பாவிலிருந்தும் இரண்டிரண்டு மாத்திரை எடுத்து ஒரு பலா இலையில் வைத்தாள். "அண்ணா, இதக் கொண்டுபோய்க் குடுங்க. வெந்நியும் குடுங்க."

"நாலையுமா?"

"ரெண்டு போதும். அவரே எடுத்துக்குவாரு."

குழந்தைசாமி இலையை நீட்டினார். அருணாசலம் சால்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். விரல்கள் தந்தியடித்தன. அந்த நடுங்கும் விரல் மெஷினில் அடித்த இரண்டு வெள்ளை வட்டங்களையும் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கியது. ஓரம் முரடாக இருந்த மற்ற இரண்டையும் பொறுக்கியது. கை வாய்க்குப் பாதி தூரம் போயிற்று.

"அப்படியே இருங்க மானேஜரு," என்றாள் அம்சவேணி.

கை அந்தரத்தில் நின்றது.

"இவ்வளவு நேரம் திருட்டு மாத்திரைன்னு சொன்னீங்களே, அதத்தானே எடுத்திருக்கீங்க? நீங்களே எண்ணி, நீங்களே அரக்கு வெச்ச அசல் பக்கத்துலயே இருக்குதே?"

"அது... கண்ணு சரியாத் தெரியலீங்க. நடுக்கத்துல கை எது மேல விழுந்துச்சோ..."

"கை தானா விழுந்திருந்தா, ஆறு தரத்துக்கு ஒரு தரம் இந்த ரெண்டும் சேந்து வரும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா தானா விழற கை ரெண்டத் தள்ளி வெச்சுட்டு ரெண்டப் பொறுக்காதுங்க. இதுல எதுல கொய்னா இருக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. குழந்தைசாமி அண்ணனுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அருணாசலம் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

குழந்தைசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. கையிலிருந்த இலையை, அது தன்னைக் கடித்துவிடும் என்பது போலப் பார்த்தார்.

"இப்ப நாமளும் தெரிஞ்சுக்குவோம்," என்று அம்சவேணி வாசலுக்கு வந்தாள். "கவுண்டரே, ஒரு எலுமிச்சம்பழம் கெடைக்குங்களா? கண்ணாடி டம்ளர் ரெண்டு. அண்ணா, உங்க கொடைய விரிச்சு வெயில்ல புடிங்க."

ஒரு டம்ளரில் சீல் டப்பா மாத்திரையைப் பொடி செய்து கரைத்தாள். இன்னொன்றில் இருசாயியின் மாத்திரை. இரண்டையும் துணியில் வடிகட்டி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் நேராக விழும்படி கறுப்புக் குடைத் துணிக்கு முன்னால் வைத்தாள்.

"கொய்னா புளிச்ச தண்ணியில கரைஞ்சா வெயிலுக்கு நீலமா மினுங்கும். சுண்ணாம்பும் நிலவேம்பும் மினுங்காது."

சீல் டப்பா டம்ளர் அழுக்குத் தண்ணீராகவே இருந்தது. இருசாயியின் டம்ளரில், வெயில் நுழைந்த பக்கத்து விளிம்பில், மெல்லிய நீலம் ஒன்று வந்து நின்றது. டம்ளரைத் திருப்பினால் அதுவும் நகர்ந்து வெயில் பக்கமே போயிற்று.

"மயிலு கழுத்தாட்டம்," என்றார் மாதன். அன்று அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அம்சவேணி இருசாயியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கொய்னா எங்கிருந்துங்க?"

இருசாயி கொஞ்சம் தயங்கினாள். "முன்ன இருந்த டாக்டரு பட்டாளத்துக்குப் போறப்ப ஒரு பாட்டில் பொடி வெச்சுட்டுப் போனாருங்க. 'டப்பா வராத நாளைக்கு ஆகும், வெச்சுக்கோ'ன்னாரு. ஸ்டோருல ஒப்படைக்கோணும்னு பொறவு உத்தரவு வந்துச்சு. நான் குடுக்கல. அது குத்தந்தான். மூணு மாசம் சீல் டப்பா மாத்திரையத்தான் குடுத்தேனுங்க. ஆரும் எந்திரிக்கல. டப்பாவத் திருப்பி அனுப்பி, இது ஆகாதுன்னு சொல்லி உட்டேன். மறுபடியும் அதே வந்துச்சு. அப்பறந்தான் பொடிய அரிசி மாவுல பெசஞ்சு உருட்டினேன். எங்கிட்ட மெசினு இல்லீங்க; கைதான் இருக்குது. ஒண்ணு பெருசாவும் ஒண்ணு சிறுசாவும் போயிருச்சு. எங்க ஊரோட சேத்து ஆறு ஊருக்கும் காணல. ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு மட்டும் அங்கயும் குடுத்து உட்டேன்."

"இத ஏனுங்க மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. நிறுத்துக்கிட்டு இருந்தீங்க."

குழந்தைசாமி இருமலை வரவழைத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லாவிட்டால் சிரித்திருப்பார்.

அருணாசலம் பெஞ்சில் சுருண்டு கிடந்தார். அவர் கையிலிருந்த இரண்டு மாத்திரையும் தரையில் விழுந்திருந்தன. இருசாயி அவற்றைப் பொறுக்கி, ஊதி, வெந்நீரோடு அவரிடம் நீட்டினாள்.

"அந்தாளுக்கா?" என்று மாதன் முறைத்தார்.

"காய்ச்சக்காரனுக்கு மருந்து குடுக்கறதுதானுங்க என் வேல. முழுங்குங்க மானேஜரு."

அவர் விழுங்கினார். விழுங்கிய பிறகு எல்லாம் வந்தது. சேலத்தில் வாங்கிய பழைய அச்சு மெஷின், சுண்ணாம்புப் பொடி, நிலவேம்புச் சாறு. நல்ல டப்பாக்களில் பாதி கீழே யார் யாருக்கோ போய்விட்டது. மிச்சம் பதினெட்டு டப்பா ஸ்டோருக்குப் பின்னால் கரி மூட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. கசப்பு ஒன்றாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, ஒப்பிடக் கொண்டுவந்த டப்பாவுக்குக்கூட நல்லதைச் செலவழிக்க அவருக்கு மனசு வரவில்லை. இருசாயி டப்பாவைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவளை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்றுதான் அந்தப் புகார்.

அம்சவேணி கமிட்டிக்கு வேறு கடிதம் எழுதினாள். இந்தத் தடவை அரைப் பக்கம்தான். அருணாசலத்தைத் தூக்கி வந்த அதே நான்கு ஆட்கள் அந்தக் கடிதத்தோடும், அவரிடமிருந்து வாங்கிய சாவியோடும் இறங்கி ஓடினார்கள். நாளை மதியத்துக்குள் பதினெட்டு டப்பாவும் மேலே வந்துவிடும் என்றார் மாதன். அவர் கணக்கில் ஆட்டம் எதுவும் இல்லை. மருந்துக்கூடத்துக்கு வெளியே இரண்டு பேரைக் காவல் வைத்து, மானேஜருக்கு இன்னொரு கம்பளியும் கொடுக்கச் சொன்னார்.

இருசாயி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தாள். டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளைத் துணியில் முடிந்துகொண்டு, யார் நன்றிக்கும் காத்திருக்காமல், ஓடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

"எங்கீங்க அம்மணி?" என்று கேட்டார் குழந்தைசாமி. அம்சவேணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசோணும்."

"அதுக்கும் அட்டவணை எடுத்துக்கலீங்களா?"

அம்சவேணி அட்டவணைப் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வாசலில் இறங்கினாள். இதைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று குழந்தைசாமிக்குத் தோன்றியது. குடையை மடக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீட்டில் இருசாயி இருந்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று பாயில் கிடந்தது. உதடு வெடித்து, கண் சொருகி, அம்மா கூப்பிட்டாலும் திரும்பவில்லை. தாய் மூலையில் உட்கார்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைசாமி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அம்சவேணி உள்ளே போய் மண்டியிட்டாள்.

"இருசாயி, நான் உங்களப் பத்தி ஒரு வரி எழுதிட்டேன். அத மடிச்சு வெச்சாலும் எழுதினது எழுதினதுதான். கணக்கு தப்பாப் போகல. கணக்கு சொல்லாதத நான் சொன்னேன். நீங்க என்ன..."

"அது கெடக்கட்டுங்க," என்றாள் இருசாயி. மாத்திரையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பொடித்து, சங்கில் வெந்நீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். "தலையத் தூக்கிப் புடிங்க. இன்னுங்கொஞ்சம். நாக்குல பட்டா துப்பிப்போடும். கன்னத்தோரமா விரல உட்டுத் தெறந்து புடிங்க."

அம்சவேணி அப்படியே பிடித்தாள். சங்கு சாய்ந்தது. தொண்டை ஒரு தடவை அசைந்தது. இன்னொரு தடவை அசைந்தது. மருந்து உள்ளே போயிற்று. கசப்பு ஏறியதும் குழந்தையின் முகம் மெல்லச் சுருங்கியது. சொருகிய கண் பாதி திறந்து, தனக்கு இந்த அக்கிரமத்தைச் செய்தது யார் என்று தேடியது. அருகில் கிடைத்தது அம்சவேணியின் விரல். நறுக்கென்று ஒரு கடி.

"ஆ!"

வாசலில் குழந்தைசாமி பதறி ஓரடி உள்ளே வந்தார். மூலையில் இருந்த தாய் எழுந்து நின்றாள்.

இருசாயி அந்தக் கடிபட்ட விரலைப் பார்த்தாள். அன்று முழுவதும் யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"நல்லா அழுத்திக் கடிச்சிருச்சுங்களா?"

"ரத்தமே வந்திருச்சுங்க."

"அப்பப் பொழச்சுக்கும்," என்று சொல்லி, மிச்சப் பாதி மாத்திரையைத் தாயின் கையில் வைத்தாள் இருசாயி.